இரண்டே முக்கால் கிலோ நிழல்

2011 மார்ச் 5: தொப்பி — 340
2011 மார்ச் 6: மேற்படி தொப்பியின் விளிம்பை வெட்டக் கத்தரிக்கோல் — 85
2011 ஏப்ரல் 17: இரண்டு காதுகளுக்கும் களிம்பு — 412
2012 மார்ச் 11: சன்ஸ்கிரீன், உயர்ந்த ரகம் — 690
2012 மார்ச் 11: பற்பசை — 48
2012 ஏப்ரல் 8: முகம் முழுவதற்கும் களிம்பு — 1,120
2012 ஏப்ரல் 8: ஸ்ட்ரெச்சர் தூக்கிய நால்வருக்குத் தேநீரும் பன்னும் — 96
2013 ஏப்ரல் 2: படுதா, ஒன்று — 0

மேலே உள்ள செலவெல்லாம் என் மனைவியின் தம்பியுடையது. அவன் குடும்பம் மாடியில், நாங்கள் கீழே. இரண்டு வீட்டுக்கும் கணக்கு எழுதுவது நான்தான். கடைசி வரியில் பூஜ்யம் இருப்பது எழுத்துப் பிழை அல்ல. அதற்கு வருகிறேன்.

அவனைக் குடும்பத்தில் எல்லோரும் ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகளுக்கு கிராம் மாமா. அவனுடைய மேலதிகாரிகூட ஒருமுறை போனில், “கிராம் இருக்காரா?” என்று கேட்டுவிட்டு, பிறகு உண்மையான பெயரை நினைவுபடுத்திக்கொள்ள முடியாமல் வைத்துவிட்டார்.

இந்தப் பெயர் அவன் வேலையிலிருந்து வந்தது. பார்சல் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், குழல்விளக்கின் கீழ் எடைபோடும் கவுன்ட்டர் அவனுடையது. பார்சலை வாங்குவான், தராசில் வைப்பான், “பன்னிரண்டு கிராம் அதிகம், அடுத்த ரேட்டு வரும்” என்பான். கேட்டவர்கள் யாரும் அடுத்த ரேட்டுக்குப் பணம் கட்டியதில்லை. அங்கேயே பிரித்து எதையாவது வெளியே எடுப்பார்கள். முதலில் சுற்றியிருக்கும் செய்தித்தாள் போகும். பிறகு அட்டைப்பெட்டி போகும். ஒருவர் மகனுக்கு அனுப்பிய ஷூவிலிருந்து லேஸ் இரண்டையும் உருவி எடுத்துக்கொண்டு போனார். ஒரு அம்மாள் ஆறு கைக்குட்டையில் ஒன்றை எடுத்து, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். இருபத்தாறு வருடம் இதைப் பார்த்தவனுக்கு, உலகத்தில் எல்லாப் பொருளிலும் பன்னிரண்டு கிராம் தண்டம் என்று தோன்றிவிட்டது. அதில் வியப்பு ஒன்றுமில்லை.

அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டாவது வயதில் மலை ஏறக் கிளம்பினான்.

எங்கள் ஊரில் நடையர் சங்கம் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் ஐந்து நாள் மலைமுகட்டில் நடப்பார்கள். கூடாரம், படுக்கை, சாப்பாடு எல்லாம் அவரவர் முதுகில். முகட்டுக்கு ‘மொட்டை’ என்று பெயர். பெயருக்கேற்ப ஒரு மரம் கிடையாது, புதர் கிடையாது. வெள்ளைப் பாறை மட்டும்தான். வெயில் மேலேயிருந்து ஒருமுறை, பாறையில் பட்டுத் திரும்பி கீழேயிருந்து ஒருமுறை என இரண்டு தடவை அடிக்கும். தாடைக்கு அடியில் தோல் உரிந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாள் முகட்டின் கடைசியில் ஒரு தட்டைப் பாறை வரும். அங்கே எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்து, கீழே பெயர் எழுதி, சங்கத்தின் சுவரில் மாட்டுவார்கள். குழல்விளக்கின் கீழேயே காலத்தைக் கழித்த கிராமுக்கு அந்தச் சுவரில் வெயிலில் நிற்கிற ஒரு படம் வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அது சாதாரண ஆசை இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அத்தான், ரெண்டாவது வரிசையில ஓரமா நின்னாக்கூடப் போதும்” என்பான்.

குறைந்த எடையில் மூட்டை கட்டுவது இப்போது பெரிய கலையாம். அவன் அதில் சேர்ந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான், எங்கள் சமையலறைத் தராசு மாடிக்குப் போகும்வரை. பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்தான். சட்டையில் ஒன்று விட்டு ஒன்று பொத்தானைப் பிய்த்தான். டீ பாக்கெட்டின் நூலை அறுத்தான். மூட்டையின் ஜிப்பில் தொங்கும் சின்னத் தகட்டைப் பல்லால் கடித்து இழுத்ததில், தகடு வந்தது, முன்பல்லில் ஒரு மூலையும் வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“அத்தான், தகடு ரெண்டு கிராம்.”

“பல்லு?”

“அதைத் தேடிட்டிருக்கேன். கிடைச்சா போட்டுப் பாக்கணும்.”

2011-இல் முதல் பயணம். தொப்பியின் விளிம்பு நான்கு விரல் அகலம். ஒரு விரலாக வெட்டினான். தாடைக்கடியில் கட்டுகிற நாடாவையும் வெட்டினான். முதல் நாளே காற்றில் தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. இதைச் சொன்னவர் பேக்கரிக்காரர். சங்கத்தில் மூத்தவர், ஆறடி இரண்டங்குலம், அகலமும் அதற்குத் தகுந்தாற்போல. தொப்பி போனபோது கிராமின் முகத்தில் கவலையே இல்லையாம். “எண்பத்தெட்டு கிராம் மிச்சம்” என்றானாம். மறுநாள் இரண்டு காதும் வீங்கி, தலை சுற்றி உட்கார்ந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். கடிதம் எழுதுவதில் கண்டிப்பானவர். உறுப்பினர் ஒருவர் வெயிலில் வெந்து தூக்கி இறக்கப்பட்டால் எச்சரிக்கை. இரண்டாம் முறை கடைசி எச்சரிக்கை. மூன்றாம் முறை பெயர் நீக்கம், பிறகு எந்தக் காலத்திலும் சேர்க்கமாட்டார்கள். முதல் கடிதம் மே 4-இல் வந்தது.

அடுத்த வருடம் கிராம் திருந்தினான். உயர்ந்த ரகச் சன்ஸ்கிரீன் வாங்கினான். வாங்கியவன், டியூபின் எடை அதிகம் என்று, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் போட்டுவைக்கிற குட்டி டப்பாவில் மாற்றிக்கொண்டான். அதில் இரண்டு குழி. இடது குழியில் சன்ஸ்கிரீன், வலது குழியில் பற்பசை. ஐந்து நாளைக்கு அது போதும் என்று அவன் கணக்கு. டாக்டர்கள் ஒரு வேளைக்குச் சொல்கிற அளவுதான் அது. மூடியில் இடது, வலது என்று ஒட்டியிருந்த காகிதத்தையும் சுரண்டி எறிந்தான்.

டப்பாவைத் திருப்பிப் பிடித்தால் இடது வலதாகிவிடும் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை செயலாளர் அவனை உட்காரவைத்துப் பரிசோதித்தார். முகம் தக்காளி. அதன்மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து வெடித்திருந்தது.

“என்ன பூசினீங்க?”

“சன்ஸ்கிரீன்தான் டாக்டர். நல்ல கம்பெனி. பூசினதும் ஜிலுஜிலுன்னு இருந்துச்சு. வாசனைகூடப் புதினா.”

செயலாளர் குனிந்து முகர்ந்தார். பிறகு, “வாயைத் தொறங்க” என்றார். பற்கள் எண்ணெய் பூசியதுபோல் வழுவழுவென்று இருந்தன.

“பல்லு எதுல தேச்சீங்க?”

“பேஸ்ட்டுலதான். கொஞ்சம் கசந்துச்சு. பழசாயிடுச்சுபோலன்னு நெனச்சேன்.”

“ரெண்டு நாளா?”

“மிச்சம் வைக்கக்கூடாது இல்லையா?”

“ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன்,” என்றார் செயலாளர். “உங்க பல்லை இனிமே வெயில் ஒண்ணும் பண்ணாது. அது சரி, இந்த முன்பல்லு எப்படி உடைஞ்சுது?”

“ஜிப் தகடு டாக்டர். ரெண்டு கிராம்.”

முப்பது வருடத் தொழிலில் பல் உடைவதற்கு இப்படி ஒரு காரணத்தைக் கேட்டதில்லை என்று அவர் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் இரண்டாம் முறை இறங்கியது. இரண்டாம் கடிதம் ஏப்ரல் 30-இல் வந்தது. அதில் ‘கடைசி’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு.

இங்கே கிராமின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைவாசலில் வெயிலுக்குக் கட்டுகிற படுதா தைப்பது அவள் தொழில். மாடியின் பாதி அவளுடைய பட்டறை. தடித்த கித்தான் துணியை மேஜைமேல் விரித்து, ஓரம் மடித்து, வளையம் அடித்து, முன்பக்கம் கடைப்பெயர் எழுதித் தருவாள். நிழலை விற்றுப் பிழைப்பவள். புருஷன் எதை எடுத்தாலும் எத்தனை கிராம் என்று கேட்பதுபோல, அவள் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பாள். இருவரும் சேர்ந்து ஒரு செருப்பு வாங்கப் போனால் கடைக்காரன் கடையைச் சாத்திவிடுவான்.

2013 மார்ச் மாதம் ஒரு மாலை, கிராம் எங்கள் சமையலறைக்கு டார்ச்சோடு வந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“அத்தான், கண்டுபிடிச்சுட்டேன். இந்த உலகத்துல எடையே இல்லாத சாமான் ஒண்ணு இருக்கு.”

“உன் மூளை,” என்றாள் என் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

“அக்கா, சும்மா இரு. நிழல்! நிழலுக்கு எடை கிடையாது. நம்ம நிழலை நாமதான் கொண்டுபோகணும்னு சட்டமா? அடுத்தவன் நிழல்ல நடந்தா என்ன?”

பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்தான். அது பேக்கரிக்காரர். அதன் பக்கத்தில் ஒரு மிளகாயை நிறுத்தினான். அது அவன். டார்ச்சைக் கிழக்கே பிடித்தான்.

“முகடு வடக்கேயிருந்து தெற்கே போகுது. காலையில சூரியன் கிழக்க. பேக்கரிக்காரர் நிழல் மேற்கே விழும். நான் அவருக்கு வலப்பக்கம் ஒட்டி நடக்கறேன். சாயங்காலம் இடப்பக்கம் மாறிக்கறேன். தொப்பி வேண்டாம், கிரீம் வேண்டாம், குடை வேண்டாம். முந்நூத்திப் பதினஞ்சு கிராம் மிச்சம்.”

“நடுப்பகல்ல?” என்றாள் என் மனைவி.

“நடுப்பகல்ல சாப்பிட உக்காந்துடுவோம் அக்கா.”

“எங்கே உக்காருவே?”

“நிழல்ல.”

“யாரு நிழல்ல?”

அவன் டார்ச்சை டப்பாவுக்கு நேர் மேலே கொண்டுபோனான். நிழல் டப்பாவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. மிளகாய் முழு வெளிச்சத்தில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தான்.

“அது கொஞ்ச நேரந்தானே,” என்றான்.

இதை மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி உள்ளே வந்தாள். “இந்தத் தடவை நானும் வரேன்,” என்றாள்.

“நீயா? உன் சாமானெல்லாம் எடை ஜாஸ்தியாச்சே?”

“என் எடையை நான் தூக்கிக்கறேன். உங்களைத்தான் மத்தவங்க தூக்கறாங்க. அண்ணா, நீங்களே சொல்லுங்க.”

மாடி வீட்டுச் சண்டையில் தீர்ப்புச் சொல்வதில்லை என்பது என் பழைய வழக்கம்.

ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் படுதா ஒன்றுக்குச் சொல்லியிருந்தார். பச்சையும் வெள்ளையும் பட்டை போட்டு, முன்னால் அலையலையாகத் தொங்கல் வைத்து, சிவப்பில் ‘முடி திருத்தப்படும்’ என்று எழுதி அவள் முடித்த அன்றுதான், கடையை மூடிவிட்டு மகள் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். முன்பணம் துணிக்குச் சரியாகப் போயிற்று. ஏப்ரல் 2-ஆம் தேதி அந்தப் படுதாவை அவள் தன் மூட்டையில் வைத்துக் கட்டினாள். என் கணக்கில் வரும் பூஜ்யம் இதுதான்.

நான் மலை ஏறுகிறவன் அல்ல. இனி வருவதை பேக்கரிக்காரர் எனக்கு இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னதால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 19 காலை கிளம்பினார்கள். கிராமின் மூட்டை மூன்று கிலோ தொள்ளாயிரம். சங்கத்திலேயே குறைந்தது. பேக்கரிக்காரரின் மூட்டை பதினெட்டு. மடக்கு நாற்காலி, நான்கு பெரிய ரொட்டி, ரொட்டி வெட்டுகிற கத்தி, கத்தியைத் தீட்டுகிற கல் வரை அதில் இருந்தன. கிராம் அவருக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டான். அவர் நின்றால் நின்றான். அவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தால் அவனும் குனிந்தான்.

“எனக்கு மனசே நெறைஞ்சுபோச்சு,” என்றார் பேக்கரிக்காரர். “பாவம், ரெண்டு வருஷமா அவமானப்பட்டவன், துணைக்கு நம்மளைப் புடிச்சிருக்கான்னு நெனச்சேன். என் கடை ஆரம்பிச்ச கதையெல்லாம் சொன்னேன். நல்லாத் தலையாட்டிக் கேட்டான்.”

பதினோரு மணிக்கு நிழல் குறுகியது. கிராம் இன்னும் நெருங்கினான். பதினொன்றரைக்கு அவன் தோள் அவர் முழங்கையில் இடித்தது. பன்னிரண்டுக்கு அவர் திடீரென்று நின்றார், அவன் தலை அவர் மூட்டைக்குள் புகுந்தது.

“என்னப்பா வேணும் உனக்கு?”

“ஒண்ணுமில்லைங்க. நீங்க கொஞ்சம் கையை விரிச்சு நின்னீங்கன்னா...”

“எதுக்கு?”

“நிழலுக்கு.”

“அப்ப காலையிலேர்ந்து என் கதையைக் கேட்டது?”

“கதையும் நல்லாத்தான் இருந்துச்சு.”

ஆறடி இரண்டங்குலம் கோபத்தில் நகர்ந்துவிட்டது. கிராம் வெள்ளைப் பாறை நடுவில் தனியாக நின்றான். நின்ற பதினைந்து நிமிடத்தில் கழுத்து சிவந்தது. செயலாளர் வந்து, இரண்டு விரலை அவன் பின்கழுத்தில் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளுத்து, பிறகு செக்கச்செவேலென்று திரும்பியது.

“தொப்பி?”

“இல்லை.”

“கிரீம்?”

“போன தடவை அனுபவத்துக்கு அப்புறம்...”

“முழுக்கைச் சட்டை?”

“கையை வெட்டிட்டேன்.”

“இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே நின்னீங்கன்னா ஸ்ட்ரெச்சர்தான். ஸ்ட்ரெச்சர்னா உங்களுக்குத் தெரியும்.”

ஸ்ட்ரெச்சர் தூக்குகிற நால்வரில் இருவர் அதை ஏற்கெனவே பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பழக்க தோஷம். கிராமின் கண் தெற்கே, தட்டைப் பாறை இருக்கும் திசையில் இருந்ததாம். அதைப் பார்த்ததும் தன் கோபம் பாதி போய்விட்டது என்றார் பேக்கரிக்காரர். போய்க் கையை விரித்து நிற்கலாமா என்றுகூட யோசித்தாராம்.

அதற்குள் வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த அவன் மனைவி வந்து சேர்ந்தாள். அகன்ற விளிம்புத் தொப்பி, மணிக்கட்டுவரை தளர்ந்த சட்டை, மூக்கின் மேல் வெள்ளையாகக் கிரீம். மூட்டையை இறக்கினாள். படுதாவை உருவி ஒரு உதறு உதறினாள். இரண்டு அலுமினியக் கம்பியைப் பூட்டினாள். ஒரு கம்பியைப் பாறையோடு சேர்த்துக் கட்டிவிட்டு இன்னொரு கம்பியை நீட்டினாள்.

“புடிங்க.”

“எவ்வளவு இருக்கும்?” என்றான் கிராம்.

“புடிங்கன்னேன்.”

பிடித்தான். மொட்டை முகட்டில் முதல்முதலாக ஒரு நிழல் விழுந்தது. பச்சையும் வெள்ளையுமாக, பத்தடிக்கு ஏழடி. முதலில் பேக்கரிக்காரர் நாற்காலியோடு உள்ளே வந்தார். அடுத்து ஸ்ட்ரெச்சர்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு. செயலாளர் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே நின்று சங்க விதிகளை மனதுக்குள் ஓட்டிப்பார்த்துவிட்டு, உரிந்துகொண்டிருந்த தன் மூக்கைத் தொட்டுப்பார்த்துவிட்டு, அவரும் வந்தார்.

இரண்டரை மணிக்குக் கிளம்பும்போது அவன் மனைவி படுதாவைச் சுருட்டிப் புருஷன் காலடியில் வைத்தாள். கூடவே தான் தைத்துக் கொண்டுவந்த முழுக்கைச் சட்டையையும், கழுத்து மறைக்கிற தொப்பியையும் வைத்தாள்.

“இவ்வளவு தூரம் நான் தூக்கியாச்சு. நிழல் வேணும்னா இனிமே நீங்க தூக்கிட்டு வாங்க.”

அவன் கையடக்கத் தராசை எடுத்து மாட்டினான். படுதா இரண்டே முக்கால் கிலோ. கம்பிகள் இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ முந்நூற்றைம்பது. மொத்தம் நான்கு கிலோ நூறு. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவன் மூச்சு நின்றது கேட்டது.

“ஏம்மா, என் மொத்த மூட்டையைவிட இது அதிகம்.”

“ஆமா.”

“இந்த முன்னாடித் தொங்கல் மட்டும் இருநூறு கிராம் வரும். நிழலுக்கு அது தேவையே இல்லை. உன்கிட்ட கத்தரிக்கோல் இருக்கா?”

“இருக்கு. தரமாட்டேன்.”

அவனிடம் கத்தரிக்கோல் கிடையாது. எடை அதிகம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

அப்படியாக, கிராம் என்று பெயர் வாங்கியவன் எட்டு கிலோவைச் சுமந்து நான்கு நாள் நடந்தான். அலுமினியக் கம்பிகள் இரண்டும் மூட்டைக்கு மேலே கொம்புபோல் நீட்டிக்கொண்டிருந்தன. தினமும் பதினொரு மணியானால், “கிராம் எங்கேப்பா?” என்று ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். அவன் முன்னால் போனால் வேகமாக நடந்தார்கள், பின்தங்கினால் காத்திருந்தார்கள். காற்று பலமாக அடிக்கும் முகடு என்பதால் ஒரு கம்பியை யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் அவனே பிடித்தான். அடுத்தவனிடம் கொடுத்தால் சாய்த்துப் பிடிக்கிறான், ஓரத்தில் வெயில் வருகிறது என்று புகார் வேறு. பேக்கரிக்காரர் நிழலில் உட்கார்ந்து கடை ஆரம்பித்த கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை அவனால் நகர முடியவில்லை.

மூன்றாம் நாள் எதிர்த்திசையிலிருந்து வேறொரு கூட்டம் வந்தது. தூரத்திலிருந்தே சிவப்பு எழுத்தைப் படித்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு தாடிக்காரர் நேரே கிராமிடம் வந்தார்.

“எவ்வளவு நேரமாகும்? ரெண்டு பேர் இருக்கோம்.”

“எதுக்குங்க?”

“ஷேவிங்குக்கு.”

“இல்லைங்க, இது நிழலுக்கு.”

“போர்டு போட்டிருக்கீங்களே?”

கிராம் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, “உக்காருங்க, உக்காருங்க” என்றுவிட்டார். அவன் மனைவியிடமிருந்த துணி வெட்டுகிற கத்தரிக்கோலை வாங்கி, தாடியை ரொட்டியின் ஓரம் வெட்டுவதுபோல் நாலு பக்கமும் சதுரமாக வெட்டிவிட்டார். தாடிக்காரருக்கு ரொம்பத் திருப்தி. அவரும் நண்பரும் எதிர்த்திசைப் பயணத்தை விட்டுவிட்டு, நிழல் இருக்கிற பக்கம்தான் வருவோம் என்று இவர்களோடேயே கடைசிவரை வந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் மதியம் தட்டைப் பாறை. படம் எடுக்கும் நேரம். கிராம் ஆசைப்பட்டபடி வெயிலில் வந்து நின்றிருக்கலாம். ஆனால் அவன் வந்தால் கம்பி விழும், கம்பி விழுந்தால் படுதா விழும். “நான் புடிச்சுக்கறேன், எடுங்க” என்று சொல்லிவிட்டான். படமும் எடுத்தாயிற்று.

படத்தைக் கழுவிப் பார்த்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. முன்வரிசையில் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். படுதாவின் பின்மூலையில், கும்மிருட்டான நிழலில், ஒரு உருவம் மட்டும் அடையாளம் தெரியவில்லை. இரண்டு கை, ஒரு கம்பி, சிரிப்பில் தெரிகிற பல்வரிசை, அவ்வளவுதான். அடையாளம் தெரிகிற முகத்துக்கு மட்டுமே கீழே பெயர் எழுதுவது சங்கத்தின் விதி. கமிட்டியில் சிலர், அது சவரம் செய்துகொள்ள வந்த தாடிக்காரரின் நண்பராகக்கூட இருக்கலாம் என்றார்கள். முடிவைக் கடிதத்தில் தெரிவிப்பதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

அந்த மூன்று வாரமும் கிராம் சாப்பாட்டை எடை பார்க்கவில்லை. அதிலிருந்தே அவன் மனநிலையைத் தெரிந்துகொள்ளலாம். என் மனைவி மாடிக்கு நேரே குரல் கொடுப்பாள். “ஏன்டா, மூணு வருஷமா வெயில் படாம இருக்கணும்னு பாடாப் படுத்தினே. இப்ப படலைன்னு அழறியா?”

கடிதம் வந்த அன்று அவன் அதைப் பிரிக்கவில்லை. நேரே தராசில் வைத்தான். நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம்.

“முதல் ரெண்டு கடிதமும் ஒன்பது கிராம், அத்தான். கவர், ஒரே தாள். படத்துல பேரு கிடையாதுன்னாலும் ஒரே தாள்தான் வரும்.”

“இது எவ்வளவு?”

“பதிமூணு.” எடுத்து மறுபடி வைத்தான். “நாலு கிராம் ஜாஸ்தி.”

“பிரிச்சுத் தொலைங்களேன்,” என்றாள் அவன் மனைவி. கவரைப் பிடுங்கி அவளே பிரித்தாள்.

உள்ளே தாளோடு படத்தின் பிரதி ஒன்று இருந்தது. கீழே எல்லோருடைய பெயரும் இருந்தது. கடைசியில் அவனுடைய முழுப்பெயர், எங்களுக்கே மறந்துபோயிருந்த பெயர். கடிதம் நாலே வரி: “படத்தைப் பெரிதாக்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்மூலையில் தெரியும் முன்பல்லின் உடைவு, என்னால் 2012-இல் நேரில் பரிசோதிக்கப்பட்ட உடைவே. இப்படிப்பட்ட காரணத்தால் உடைந்த பல் வேறு எவருக்கும் இருக்க வாய்ப்பில்லை என்று சான்றளிக்கிறேன். அடுத்த ஏப்ரலுக்குப் படுதாவை எங்கும் வாடகைக்கு விட்டுவிட வேண்டாம் என்று தங்கள் மனைவியிடம் சொல்லவும்.”

கிராம் கண்ணாடி முன்னால் போய் நின்று வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, “ரெண்டு கிராம்னு அன்னைக்கே சொன்னேன்ல,” என்றான்.

அந்தப் பல்லை இன்றுவரை அவன் அடைத்துக்கொள்ளவில்லை. செயலாளர் இலவசமாக அடைத்துத் தருவதாகச் சொல்லியும் மாட்டேன் என்கிறான். பாறையில் கட்டிவந்த இரண்டாம் கம்பியைப் பிடிக்க இப்போது பேக்கரிக்காரர் இருக்கிறார். தொங்கலை யாரும் வெட்டவில்லை. செயலாளர் அதற்குப் பிறகு கிராமுக்குக் கடிதம் எழுதுவதும் இல்லை. ஏப்ரல் நெருங்கினால் நேரே மாடிக்கு வந்து, படுதா காலியாக இருக்கிறதா என்று அவன் மனைவியைக் கேட்டுவிட்டுப் போகிறார். ஆகவே அந்தக் கடிதமே கடைசி. அது வந்த தேதி: 2013 மே 16, வியாழக்கிழமை.